பிசிஏஏ பவுடர் உண்மையிலேயே தசையை வளர்க்குமா? ஜிம் டப்பாவுக்கும் கோவளம் மீனுக்கும் உள்ள கணக்கு என்ன?

கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கமாக இருக்கட்டும், கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கமாக இருக்கட்டும், செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஜிம்முக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ரிசப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரிதான். வரிசையாக டப்பாக்கள். தர்பூசணி, பச்சை ஆப்பிள், ப்ளூபெர்ரி என்று ஃபிளேவர்கள். உள்ளே ஒருவர் சிவப்புத் தண்ணீரைக் குலுக்கிக் குலுக்கிக் குடித்துக்கொண்டே பெஞ்ச் பிரஸ் போடுவார். "என்ன அண்ணா அது?" என்று கேட்டால், "அமினோ தம்பி, மசில் கரையாம இருக்கும்" என்று பதில் வரும்.

அந்தச் சிவப்புத் தண்ணீர் பெரும்பாலும் பிசிஏஏ. தமிழில் சொன்னால் கிளைச் சங்கிலி அமினோ அமிலங்கள். ஒரு டப்பா 1,500 ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். மாதம் 15,000, 20,000 சம்பளம் வாங்கும் ஒரு பையனுக்கு இது சின்னச் செலவு இல்லை. உடற்கட்டுக் கலையில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. 2019-ல் எஸ். பாஸ்கரன் இதற்காகவே அர்ஜுனா விருது வாங்கினார். அதனால் நம் ஊர் ஜிம்களில் கனவுக்குக் குறைவே இல்லை. அந்தக் கனவுக்கு இந்தப் பவுடர் எந்த அளவுக்கு உதவும்? உடம்புக்கு நல்லதா? எந்த இடத்தில் ஆபத்தாகும்?

அமினோ அமிலம் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் புரதம் எதுவாக இருந்தாலும், வயிற்றில் உடைந்து கடைசியில் அமினோ அமிலங்களாக மாறும். உடம்பு அவற்றை எடுத்துத் தனக்கு வேண்டிய தசை, தோல், என்சைம் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளும். மொத்தம் 20 வகை. இதில் 11-ஐ உடம்பே தயாரித்துக்கொள்ளும். மீதி 9 சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும், வேறு வழியில்லை. அதனால்தான் அவற்றுக்கு அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்று பெயர்.

அந்த ஒன்பதில் மூன்றுதான் பிசிஏஏ: லியூசின், ஐசோலியூசின், வாலின். தசையில் இருக்கும் அத்தியாவசிய அமினோ அமிலங்களில் சுமார் 35 சதவீதம் இந்த மூன்றுதான். இன்னொரு விசேஷமும் உண்டு. மற்ற அமினோ அமிலங்களை உடைக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடக்கும். இந்த மூன்றும் கல்லீரலில் பெரிதாக மாட்டாமல் நேராகத் தசைக்குப் போய்ச் சேரும். தசைதான் இவற்றை உடைத்து எரிக்கும். "மசிலுக்குன்னே படைச்ச அமினோ" என்ற விளம்பரம் பிறந்தது இங்கிருந்துதான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதிதான் சொல்கிறார்கள்.

மேஸ்திரி விசில் அடித்தாச்சு, செங்கல் எங்கே?

ஓ.எம்.ஆரில் எங்கே பார்த்தாலும் கட்டட வேலை நடக்கிறது. காலையில் மேஸ்திரி வந்து விசில் அடித்தால் ஆட்கள் வேலையை ஆரம்பிப்பார்கள். லியூசின் செய்வது அந்த மேஸ்திரி வேலைதான். தசைச் செல்லுக்குள் எம்டார் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. லியூசின் ஓர் அளவுக்கு மேல் வந்தால் அந்த சுவிட்ச் ஆன் ஆகும். 'புதுத் தசைப் புரதம் கட்டு' என்று உத்தரவு போகும். ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிராம் லியூசின் இதற்குப் போதும் என்று விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பொதுவாகச் சொல்கிறார்கள்.

சரி, விசில் அடித்தாச்சு. செங்கல், மணல், கம்பி வேண்டாமா? தசைப் புரதம் கட்ட ஒன்பது அத்தியாவசிய அமிலங்களும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். லைசின் இல்லையென்றால் வேலை நின்றுவிடும். மெத்தியோனைன் இல்லையென்றாலும் அதே கதி. பிசிஏஏ டப்பாவில் இருப்பது மூன்றே மூன்று. மிச்சம் ஆறு எங்கிருந்து வரும்? நீங்கள் எதுவும் சாப்பிடாமல் வெறும் பவுடரை மட்டும் கலக்கிக் குடித்தால், உடம்பு தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் தசையை உடைத்துத்தான் அந்த ஆறையும் எடுக்கும். கட்டிய சுவரை இடித்து அதே செங்கலில் புதுச் சுவர் எழுப்புகிற கதை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவரின் விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். சாப்பாடு நின்றால் உடம்பு எதைத் தின்னும் என்பதைப் பல்லவச் சிற்பி பார்த்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும். கொழுப்பு கரைவதோடு தசையும் கரையும். இதயத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் தேவையான அமினோ அமிலங்களுக்கு உடம்பு வைத்திருக்கும் பெரிய கிடங்கு தசைதான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2017-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. எடைப் பயிற்சி செய்யும் 10 இளைஞர்களுக்கு, பயிற்சி முடிந்ததும் 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்தார்கள். தசைப் புரதம் உருவாகும் வேகம், வெறும் பானம் குடித்தபோது இருந்ததைவிட 22 சதவீதம் கூடியது. அப்போ வேலை செய்யுதே என்று தோன்றும். செய்கிறது. ஆனால் ஒன்பது அமிலங்களும் உள்ள வே புரோட்டீனைக் கொடுத்த முந்தைய ஆய்வுகளில் கிடைத்த உயர்வில் இது ஏறத்தாழப் பாதிதான். அதாவது, விசில் சத்தம் கேட்டு ஆட்கள் கிளம்பினார்கள், செங்கல் தீர்ந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதே 2017-ல் அமெரிக்காவின் அர்கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வுல்ஃப் இன்னும் கறாராக எழுதினார். மனிதர்களுக்கு ரத்தநாளம் வழியாக பிசிஏஏ மட்டும் செலுத்திப் பார்த்த இரண்டு பழைய ஆய்வுகளை அவர் எடுத்துப் பார்த்தார். தசை உடைவது குறைந்திருந்தது, உண்மை. கூடவே தசை கட்டப்படுவதும் குறைந்திருந்தது. பிசிஏஏ மட்டும் எடுத்தால் தசை வளரும் என்ற வாதத்துக்கு ஆதாரம் இல்லை என்பது அவருடைய முடிவு.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கடினமான பயிற்சிக்கு மறுநாள் வரும் தசை வலி பிசிஏஏ எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. முதல் முறை லெக் டே முடித்துவிட்டு மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தக் 'கொஞ்சம்' பெரிய விஷயம்தான். அதற்காக 1,500 ரூபாய் கொடுக்கலாமா என்பது அவரவர் பாக்கெட்டைப் பொறுத்தது.

மீன் தட்டில் எவ்வளவு இருக்கிறது?

பிசிஏஏ டப்பாவில் ஒரு ஸ்கூப் என்பது வழக்கமாக 7 கிராம். 2:1:1 என்று எழுதியிருக்கும். அப்படியானால் லியூசின் 3.5 கிராம், மற்ற இரண்டும் 1.75 கிராம் வீதம்.

இப்போது கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ காலையில் படகு கரையேறும் இடத்துக்கு வாருங்கள். கானாங்கெளுத்தி, மத்தி, சங்கரா, எதுவாக இருந்தாலும் சரி. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கும். மீன் புரதத்தில் சுமார் 8 சதவீதம் லியூசின். 200 கிராம் மீன் சாப்பிட்டால் 3 கிராம் லியூசின் வந்துவிடும். கூடவே மிச்ச எட்டு அத்தியாவசிய அமிலங்களும் வரும், ஒமேகா-3 கொழுப்பும் வரும். மத்தி வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவு, புரதத்தில் அதற்குக் குறைந்தது இல்லை. ஜிம் பையன்கள் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கு ருசியைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மீன் சாப்பிடாதவர்களுக்கு? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அரை கிராம் லியூசின். உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25 கிராம் புரதம். சுண்டல், பால், தயிர், வேர்க்கடலை எல்லாமே கணக்கில் வரும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனைன் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியை நம் பாட்டிகள் அமினோ அமிலம் படித்துவிட்டுக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் கணக்கு சரியாக வருகிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை, சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடை என்றால் 50 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிய லாபம் இல்லை என்று 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான அலசல் காட்டியது. அதே 60 கிலோ ஆளுக்கு இது 96 கிராம்.

96 கிராமா என்று மலைக்க வேண்டாம். காலையில் நாலு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை: 24 கிராம். மதியம் சோறு, பருப்பு, 150 கிராம் மீன்: 40 கிராம். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும்: 16 கிராம். இரவு மூன்று சப்பாத்தி, குருமா, ஒரு முட்டை: 18 கிராம். கூட்டிப் பாருங்கள், 98. இது தோராயக் கணக்குதான், வீட்டுக்கு வீடு கரண்டி அளவு மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். அப்போது முட்டையும் சோயாவும் கை கொடுக்கும்.

இப்படிச் சாப்பிடுகிறவருக்கு பிசிஏஏ டப்பா புதிதாகத் தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இப்படிச் சாப்பிடாதவருக்கும் அந்த டப்பா சாப்பாட்டுக்கு ஈடாகாது. இந்த இரண்டு வாக்கியத்தை எந்த டப்பாவிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

அப்போ எல்லா டப்பாவும் வேஸ்ட்டா?

இல்லை. கிரியேட்டின் வேறு கதை. அர்ஜினின், கிளைசின், மெத்தியோனைன் என்ற மூன்று அமினோ அமிலங்களில் இருந்து உடம்பே தயாரிக்கும் பொருள் அது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. நாளுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுத்தால் குறுகிய நேரக் கடும் பயிற்சியில் பலம் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குளுட்டமினை ஆரோக்கியமான உடம்பே தாராளமாகச் செய்துகொள்ளும். 'பம்ப்' கிடைக்கும் என்று விற்கும் அர்ஜினினுக்கு ஆதாரம் பலவீனம். டப்பா வாங்க மூன்று வேளை புரதம் கிடைக்காத ஆள் வந்தால், பிசிஏஏவைவிட வே புரோட்டீன்தான் பொருத்தம், ஏனென்றால் அதில் ஒன்பதும் இருக்கிறது.

யாருக்கு இது மருந்து, யாருக்கு விஷம்?

ஜிம்மில் தேவையில்லாத இதே மூன்று அமிலங்கள் ஆஸ்பத்திரியில் மருந்தாகின்றன. குடியாலோ வேறு காரணத்தாலோ கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் வந்தவர்களுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறும். அது மூளையைத் தாக்கி, ஆள் குழம்பிப் போவார், தூக்கமும் விழிப்பும் தலைகீழாகும். கெட்டுப்போன கல்லீரலுக்குப் பதிலாகத் தசைதான் ஓரளவு அம்மோனியாவைச் சமாளிக்கும். தசை வழியாகவே பயன்படும் பிசிஏஏவை இவர்களுக்கு டாக்டர்கள் கொடுப்பது இதனால்தான். 2017-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில் இந்த மூளைக் குழப்பம் பிசிஏஏவால் குறைவது தெரிந்தது. உயிரிழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. டாக்டர் அளந்து கொடுக்க வேண்டிய விஷயம் இது. அப்பாவுக்குக் கல்லீரல் பிரச்சினை என்று மகன் தன் ஜிம் டப்பாவில் இருந்து கலக்கிக் கொடுக்கக் கூடாது.

மறுபக்கம், மேப்பிள் சிரப் யூரின் நோய் என்று ஒரு அரிய பிறவிக் குறைபாடு. இந்த மூன்று அமிலங்களையும் உடைக்கும் என்சைம் சரியாக வேலை செய்யாது. குழந்தையின் சிறுநீரில் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். பால் குடிக்கக் குடிக்க அமிலங்கள் தேங்கி மூளையைப் பாதிக்கும். அப்படிப்பட்டவருக்கு பிசிஏஏ நேரடி விஷம்.

சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் பிசிஏஏ அளவு அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்ததை அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வுத் தரவுகள் 2011-ல் காட்டின. பிசிஏஏதான் நோயைக் கொண்டுவருகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். இருந்தாலும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், பிசிஏஏ அதிகமாவது பற்றிய இந்தக் கவலையைக் குறிப்பிட்டு, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர்களைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

டப்பாவுக்குள் இருப்பது அதுதானா?

இதுதான் பெரிய கேள்வி. புரதத்தை ஆய்வகத்தில் அளக்கும் பழைய முறை, நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அதை 6.25-ஆல் பெருக்குவது. இந்த முறைக்குப் புரதம் எது, மலிவான கிளைசின் எது என்று தெரியாது. அதனால் விலை குறைந்த கிளைசினையோ டாரினையோ கலந்துவிட்டு 'ஒரு ஸ்கூப்பில் 25 கிராம் புரோட்டீன்' என்று லேபிள் அடிக்க முடியும். இதற்கு அமினோ ஸ்பைக்கிங் என்று பெயர். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகள் இறந்தார்களே, அந்த மோசடியும் இதே நைட்ரஜன் ஓட்டையைப் பயன்படுத்தியதுதான்.

கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் அப்பி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீத டப்பாக்களில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம்.

அமினோ அமிலம் என்றாலே 'நேச்சுரல், ஒண்ணும் ஆகாது' என்பவர்களுக்கு 1989 நினைவில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமில மாத்திரையைத் தூக்கத்துக்காகச் சாப்பிட்ட 1,500க்கும் மேற்பட்டவர்களுக்குத் தாங்க முடியாத தசை வலியும் ரத்தத்தில் மாற்றமும் வந்தன. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தயாரிப்பில் கலந்த மாசுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டு, ஒரே ஒரு தயாரிப்பாளரின் சரக்கு வரை போய் நின்றது விசாரணை.

வாங்கியே தீருவேன் என்றால், லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். லியூசின், ஐசோலியூசின், வாலின் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். 'ஸ்பெஷல் ப்ளெண்ட்' என்று மொத்தமாக ஒரு எண் மட்டும் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். டப்பாவில் இல்லாமல் பாலிதீன் கவரில் கட்டி, 'ஃபாரின் சரக்கு, உனக்காக' என்று கொடுப்பதைத் தொடவே வேண்டாம்.

போட்டிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில்தான் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. 2026 ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கு முதல் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை பலகையோடு கடலில் இறங்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் நாளை ஊக்கமருந்துப் பரிசோதனையைச் சந்திக்கப் போகிறவர்கள்.

பிசிஏஏ தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் அமினோ அமிலங்கள் கிடையாது. ஸ்டீராய்டும் அமினோவும் ஒன்று என்று நினைப்பது தவறு. சிக்கல், ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்த இயந்திரத்தில் வேறு என்ன தயாராகிறது என்பதில்தான். துளி கலந்தாலும் பரிசோதனையில் மாட்டும். உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. "கோச் கொடுத்தார் சார், எனக்குத் தெரியாது" என்றால் தண்டனைக் காலம் குறையலாம். பதக்கம் திரும்பி வராது. போட்டிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சாக ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற பொருளைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது.

கிட்னி கெட்டுப்போகுமா?

வீட்டில் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவருக்கு, மேலே சொன்ன அளவுப் புரதத்தால் சிறுநீரகம் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு அதிகப் புரதம் பாரம். பிரச்சினை என்னவென்றால், ஆரம்பக் கட்டத்தில் சிறுநீரகக் கோளாறுக்கு அறிகுறியே இருக்காது. 25 வயதில் பிரஷர் இருப்பது தெரியாமல் பளு தூக்குகிறவர்கள் உண்டு. வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் இருந்தால் டப்பாவைத் திறப்பதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் பவுடர் எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கிரியேட்டின் எடுத்தாலே ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். சொல்லாவிட்டால் இல்லாத கிட்னி நோய்க்கு நீங்களும் பயந்து, டாக்டரையும் குழப்புவீர்கள்.